சாய்ந்த வெயில்

இரவு ஷிப்டு முடித்து ஓசூர் சிப்காட்டை விட்டு வெளியேறும் தொழிலாளிக்கு உறக்கம் ஒன்றே ஓய்வு என்று எண்ணுவது சகஜமாயினும், விடியும் மட்டும் ஒரே விளக்கொளியில் ஒரே அளவைச் சரிபார்த்துச் சலித்த கண்களுக்குப் படமெடுத்தல் என்ற வேறொரு சிரமபரிகாரமும் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கொல்லை ஓரங்களில், மாண்ட வீரனின் நினைவாக நிற்கும் நடுகல் ஒன்றை உச்சிப் பொழுதில் பார்த்தால், அது வெறும் பலகைக் கல்லாகவே தோன்றும். காலைக் கதிர் பக்கவாட்டில் சாய்ந்து விழும் அந்தச் சொற்ப நேரத்திலோ, வீரன் ஓங்கிய வாளும் இடையில் இறுக்கிய கச்சையும் ஒவ்வொரு கோடாக நிழல் கட்டி மேலெழும். தினந்தோறும் அவ்வழியே வண்டியில் விரைகிறவன் காணாத அந்த வாளை, படம் எடுக்கவென்று கால்மணி நேரம் நின்றவன் கண்டுவிடுகிறான். அந்தக் கால்மணியில் அவன் மனத்திலிருந்த இயந்திர இரைச்சலும் தானாகவே அடங்கிவிடுகிறது. படம் எப்படி வந்தது என்பது எனக்கு இரண்டாம் பட்சமே. சட்டைப்பைக்கு ஒரு காமிரா வந்துவிட்ட இக்காலத்தில் படங்களுக்கா பஞ்சம்? காட்டு யானைகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து படம் பிடித்தவரும், 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவருமான மா. கிருஷ்ணன், வர்ணப்படம் பெருகிய பின்னரும் கறுப்பு வெள்ளையிலேயே நிலைத்து நின்றார். ஒளியும் நிழலும் அவருக்குப் போதுமாயிருந்தன.