கை படாத பிரதி

1953ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் லண்டனில் ஜொனாதன் கேப் பதிப்பகம் ஒரு நாவலை வெளியிட்டது. விலை பத்தரை ஷில்லிங். முதல் அச்சில் 4,728 பிரதிகள். இயன் ஃபிளெமிங்கின் ‘கேசினோ ராயல்’ அது. ஜேம்ஸ் பாண்ட் என்ற உளவாளி முதன்முதலில் அச்சேறிய நூல். அந்தப் பிரதிகளில் கணிசமானவை பொது நூலகங்களுக்குப் போயின. முத்திரை குத்தப்பட்டு, பல கைகள் மாறி, தேய்ந்து கழிந்தன. மேலுறையோடு கறைபடாமல் தப்பிய பிரதி இன்று பல பத்தாயிரம் பவுண்டுக்கு விலைபோகிறது. மேலுறை இல்லையென்றால் அதில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும்.

ஃபிளெமிங், எரிக் ஆம்ப்ளர், கிரஹாம் கிரீன், ஜான் லெ காரே என்று பழைய உளவு நாவல்களின் முதல் பதிப்புகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் பெரும் விலை கொடுப்பவர்கள் நாடுவது பாண்ட் நூல்களை. இந்தச் சேகரிப்பை ஆண்களின் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிடலாம். எனக்கு அது ஓர் அறக்கேள்வியாகத் தெரிகிறது. பெண்ணை இழிவாகப் பேசும் ஒரு நூலை, அதன் முதல் வடிவத்திலேயே, ஒரு பெண் பத்திரப்படுத்தி வைக்கலாமா?

கேள்வியின் கனம் புரிய அந்த நூல்களுக்குள் போக வேண்டும். ‘கேசினோ ராயல்’ நாவலில் வெஸ்பர் லிண்ட் என்ற பெண் இருவர் கைக்கும் நடுவே சிக்கிய உளவாளி. காதலனைக் காப்பாற்ற எதிரிக்கு உளவு சொன்னவள், கடைசியில் தன்னை மாய்த்துக்கொள்கிறாள். அவள் சாவைத் தலைமையகத்துக்குத் தொலைபேசியில் சொல்லும்போது பாண்ட் அவளை ஒரு வசைச்சொல்லால் குறிப்பிடுகிறான். நாவல் அதோடு முடிகிறது. 1959இல் வந்த ‘கோல்ட்ஃபிங்கர்’ நாவலில் பெண்களை நேசிக்கும் பெண்கள் இருவர் வருகிறார்கள். பெண்களுக்கு வாக்குரிமையும் சமத்துவமும் கொடுத்ததன் நேரடி விளைவு இது என்று பாண்ட் தனக்குள் விளக்கம் சொல்லிக்கொள்கிறான். ஒருத்தி கொல்லப்படுகிறாள். மற்றவள் கடைசி அத்தியாயத்தில் பாண்டின் படுக்கையில் ‘குணமாகிறாள்’. 1962இல் வந்த ‘தி ஸ்பை ஹூ லவ்டு மீ’ முழுக்க ஒரு பெண்ணின் குரலில் சொல்லப்படுகிறது. தலைப்புப் பக்கத்தில் விவியென் மிஷேல் என்ற அந்தக் கதைநாயகியின் பெயர் இணையாசிரியராகவே அச்சாகியிருக்கிறது. அந்தக் குரலைக் கொண்டே, பெண்களுக்குப் பலவந்தம் உள்ளூரப் பிடிக்கும் என்று சொல்லவைக்கிறார் ஃபிளெமிங். பெண்ணின் கையெழுத்தைப் போட்டு ஆண் எழுதிய சாட்சியம் அது.

இவற்றை நான் ஒரே மூச்சில் படித்தவள் என்பதையும் சொல்ல வேண்டும். வேகமான உரைநடை, உணவையும் சீட்டாட்டத்தையும் கடலடியையும் கண்முன் நிறுத்தும் கை. அடுத்த பக்கத்துக்கு இழுக்கும் அதே வாக்கியங்கள்தான் நம்மைக் கீழே தள்ளவும் செய்கின்றன. இந்த நூல்கள் மோசமாக எழுதப்பட்டிருந்தால் கேள்வியே எழாது.

2023ஆம் ஆண்டு, பாண்டின் எழுபதாம் ஆண்டையொட்டி, ஃபிளெமிங் குடும்பத்தாரின் பதிப்பு நிறுவனம் இந்த நாவல்களைத் திருத்தி மறுபதிப்பு செய்தது. இன இழிவுச் சொற்கள் பலவற்றை நீக்கினார்கள் அல்லது மாற்றினார்கள். அதற்கு முன்னுதாரணமும் இருந்தது. ‘லிவ் அண்ட் லெட் டை’ 1954இல் லண்டனில் வந்தது. அதன் அமெரிக்கப் பதிப்பில் ஃபிளெமிங்கின் ஒப்புதலோடு சில பகுதிகள் திருத்தப்பட்டன. கறுப்பின மக்களை இழிக்கும் சொல் இருந்த ஓர் அத்தியாயத் தலைப்பே மாறியது. ஆனால் 2023இன் திருத்தத்தில், பெண்களைப் பற்றிய வரிகளில் பல அப்படியே இருந்தன. எது காயம், எது பழைய காலத்தின் மணம் என்று பிரித்தவர்களின் கணக்கில் நம்முடைய காயம் மணத்தின் பக்கம் போய்விட்டது.

அப்படியானால் பெண்களைப் பற்றிய வரிகளையும் நீக்கிவிடச் சொல்லிக் கேட்கலாமா? எனக்கு அதில் உடன்பாடில்லை. வரியை நீக்கினால் அந்த எண்ணம் நூலிலிருந்து போய்விடாது. ‘கோல்ட்ஃபிங்கர்’ நாவலில் வாக்குரிமை பற்றிய பத்தியை வெட்டினாலும், ஒருத்தி சாவாள், ஒருத்தி ‘குணமாவாள்’. கதையின் எலும்பிலேயே அந்தத் தீர்ப்பு இருக்கிறது. பத்தி இருந்தால் படிக்கும் பெண் அதைச் சுட்டிக்காட்டி வாதாடலாம். பத்தி போய்விட்டால் ஏன் மனம் கசக்கிறது என்று தெரியாமல் தன்னையே சந்தேகிப்பாள். திருத்தத்தால் நல்ல பெயர் கிடைப்பது ஆசிரியருக்கு. கூடவே வியாபாரமும் தொடரும். வாசகிக்குக் கிடைப்பது ஆதாரம் இல்லாத ஒரு வலி.

பழைய ஏடுகளோடு பழகிய தமிழ் மாணவிகளுக்கு இந்த நியாயம் புதிதல்ல. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகச் சுவடி தேடினார், ஒப்பிட்டார், வேறுபாடுகளைக் குறித்துக்கொண்டார். பாடபேதத்தைப் பதிவு செய்வதே பதிப்பாசிரியரின் நேர்மை என்று நமக்குக் கற்றுத் தந்தவர்கள் அந்தத் தலைமுறையினர். மாற்றலாம், மாற்றியதைக் காட்ட வேண்டும். எது முன்னால் இருந்தது என்று காட்ட முதல் பதிப்பு எங்காவது இருந்தாக வேண்டும். அந்த அளவில் உளவு நாவலின் முதல் அச்சைக் காப்பாற்றும் சேகரிப்பாளர், தான் நினைக்காமலேயே, நமக்காகவும் ஒரு சாட்சியைக் காப்பாற்றுகிறார்.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. ‘சாட்சியம் உங்களுக்கு, காயம் எனக்கு. பதினெட்டு வயதில் இந்த வரியை எதிர்பாராமல் படிக்கும் பெண் வழக்காடவா புத்தகத்தைத் திறந்தாள்?’ நியாயம்தான். பாதுகாத்து வைப்பது வேறு, கையில் கொடுப்பது வேறு. வகுப்பில் கொடுக்கும்போது எதைக் கொடுக்கிறோம் என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும். படிக்க மறுக்கும் உரிமையும் அவளுக்கு இருக்க வேண்டும். ஆனால் கொடுப்பதில் காட்ட வேண்டிய கவனம், வைத்திருப்பதைத் தடுக்கும் காரணமாக முடியாது.

இதனால் சேகரிப்பாளரை நான் முழுதாக விடுவித்துவிடவில்லை. அவர் பேசும் மொழியைக் கவனியுங்கள். எந்தப் பிரதிக்கு உச்ச விலை? யாரும் பிரிக்காதது, யார் பெயரும் எழுதாதது, மடிப்பு விழாதது. தமிழில் சொன்னால், கை படாதது. இந்தச் சொல்லை நாம் வேறு எங்கே கேட்டிருக்கிறோம் என்று விளக்க வேண்டியதில்லை. முதல் பேச்சைக் கன்னிப் பேச்சு என்றும் முதல் முயற்சியைக் கன்னி முயற்சி என்றும் சொல்லும் மொழி நம்முடையது. படிக்கப்படாத புத்தகமே உயர்ந்த புத்தகம் என்ற கணக்கும், தொடப்படாத உடலே மதிப்புள்ள உடல் என்ற கணக்கும் ஒரே பேரேட்டில் எழுதப்பட்டவை. இரண்டிலும் மதிப்பு, உடைமையாளர் கண்ணுக்கு மட்டும் தெரியும் மதிப்பு. மேலுறைக்கு உள்ளிருக்கும் எழுத்தைவிட விலை கூடிப்போவது அதன் தர்க்கமான முடிவு.

இந்தக் கணக்கில் நூலைக் குறைபடுத்துவது எது? முன்பக்கத்தில் மையால் எழுதிய ஒரு பெயர், ஓரத்தில் போட்ட கோடு, நூலக முத்திரை. அதாவது, வாசித்ததன் தடயம். என்னிடம் இருப்பது அறுபதுகளில் வந்த ஒரு பான் மலிவுப் பதிப்பு, ‘டாக்டர் நோ’. அதில் ஒரு பெண்ணின் பெயர் நீல மையில் இருக்கிறது. சில பக்கங்களின் ஓரத்தில் கேள்விக்குறிகள். சந்தையில் அதற்கு மதிப்பே இல்லை. அந்தக் காலத்தில் ஒரு பெண் இந்த நாவலோடு வாக்குவாதம் செய்தாள் என்பதற்கு அந்தப் பிரதியைத் தவிர வேறு ஆதாரமும் இல்லை.

இனி, எதைச் சேகரிக்கிறார்கள் என்ற கேள்வி. ஃபிளெமிங்கே பெரிய சேகரிப்பாளர். உலகத்தை மாற்றிய சிந்தனைகள் முதன்முதலில் அச்சான நூல்களை 1930களிலிருந்து வாங்கிச் சேர்த்தார். டார்வின் இருந்தார். மேரி கியூரியின் 1903ஆம் ஆண்டு ஆய்வேடும் இருந்தது. இன்று அந்தத் தொகுப்பு அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தின் லில்லி நூலகத்தில் இருக்கிறது. ஒரு பெண்ணின் ஆய்வேட்டை உலகை மாற்றிய நூலாக அலமாரியில் வைக்கத் தெரிந்தவர், அப்படி ஒருத்தியைக் கதைக்குள் வைக்கவில்லை. போர்க்காலத்தில் கடற்படை உளவுத்துறையில் இருந்தவர் அவர். அந்த நாட்களில் பிளெட்ச்லி பார்க்கில் எதிரியின் சங்கேதங்களை உடைத்த பணியாளர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் பெண்கள். அந்த உழைப்பு அவர் நாவல்களில் மேசைக்குப் பின்னால் அமர்ந்து பாண்டைப் பார்த்துப் புன்னகைக்கும் ஒரு செயலாளராகச் சுருங்கிப்போனது.

எழுதிய பெண்களும் இருந்தார்கள். கிளாஸ்கோவில் பிறந்த ஹெலன் மக்கின்னஸ், பாண்டுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, 1941இல், ‘அபவ் சஸ்பிஷன்’ எழுதினார். 1939ஆம் ஆண்டுக் கோடையில் ஐரோப்பாவுக்குச் சுற்றுலாப் போவதுபோல உளவுக்குப் போகும் ஓர் ஆக்ஸ்ஃபர்டு தம்பதியின் கதை. அதில் மனைவி அலங்காரப் பொருளாக இல்லை, யோசிக்கிறாள், தீர்மானிக்கிறாள். இருபதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதி, பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றவர் அவர். அவருடைய முதல் பதிப்புகளுக்கு ஃபிளெமிங் விலையில் ஒரு துளிகூடக் கிடைக்காது. ‘டாக்டர் நோ’ முதல் பதிப்பின் மேலுறையை வரைந்த பேட் மாரியட்டும் ஒரு பெண். அந்த உறைக்குக் கொட்டிக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் அவர் பெயரை அறிந்தவர்கள் மிகக் குறைவு.

நிஜத்தில் உளவுப்பணி செய்த நூர் இனாயத் கானும் ஒரு நூல் எழுதியவர்தான். 1939இல் லண்டனில் வந்த அது உளவு நாவல் அல்ல, குழந்தைகளுக்காக எழுதிய இருபது ஜாதகக் கதைகள். இந்தியத் தந்தைக்குப் பிறந்த அவர், 1943இல் ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்ஸுக்கு வானொலித் தகவல் தொடர்பு இயக்குநராக அனுப்பப்பட்டார். 1944 செப்டம்பர் 13 அன்று டக்காவ் முகாமில் சுட்டுக்கொல்லப்பட்டார். வெஸ்பர் லிண்டின் சாவுக்குக் கொடுக்கும் விலையை நினைத்துக்கொண்டு, ஓர் உளவாளிப் பெண்ணின் கையே எழுதிய இந்தக் கதைப் புத்தகத்தை எடுத்துப் பார்க்க வேண்டும்.

சேகரிப்பது என்றால் தேர்ந்தெடுப்பது. இது இருக்கட்டும் என்று ஒன்றை எடுத்து வைக்கும் கை, மற்றதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறது. வெறுப்பு நிறைந்த நூல் பத்திரமாக இருப்பதில் எனக்கு அச்சமில்லை. அது மட்டுமே பத்திரமாக இருப்பதில்தான் அச்சம். வழக்கில் ஒரு தரப்பின் ஆவணங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் மறு தரப்பின் ஆவணங்கள் எடைக்கும் போனால், தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

ஆகவே, பழைய புத்தகக் கடைக்குப் போகும் தோழிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஃபிளெமிங் கிடைத்தால் வாங்குங்கள். வெட்டாத பிரதியாகப் பார்த்து வாங்குங்கள். அதே அடுக்கில் மக்கின்னஸைத் தேடுங்கள். இரண்டு பிரதிகள் இருந்தால், பெயர் எழுதியதை, ஓரத்தில் கேள்விக்குறி போட்டதை எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெயருக்குக் கீழே உங்கள் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். விலை இறங்கும். இறங்கட்டும்.