பொய்த் துப்பாக்கியும் மெய்யச்சமும்

தற்காப்பு பயில்வோர் கையில் விளையாட்டுத் துப்பாக்கியைக் கொடுப்பது தகுமா என்னும் வினா எளியதன்று. "குண்டில்லை, வெடியில்லை, ஆகவே அபாயமில்லை" என்பார் ஒரு சாரார். "பொய்யேயாயினும் கொலைக் கருவியின் உருவமன்றோ? தொடுவதே தீது" என்பார் மறு சாரார். இரு கூற்றும் பாதி உண்மையே.

பொய்ப் படைக்கலங்கொண்டு பயில்வது புதுமையன்று. ஜப்பானியர் 18-ஆம் நூற்றாண்டு முதல் மூங்கில் வாளேந்தி வாட்போர் பயின்று வருகின்றனர். 1940-இல் ஜெர்மானியப் படையெடுப்பை எதிர்நோக்கிய பிரிட்டனில், துப்பாக்கி போதாமையால், ஊர்க்காவற்படையினர் சிலர் துடைப்பக் கட்டையைத் தோளிற் சாத்திப் பயிற்சி செய்தனர். இன்றைய பயிற்சிக் கூடங்களிலோ ரப்பரில் வார்த்த துப்பாக்கிகள் வழங்குகின்றன. அவற்றிற் குண்டு ஏறாது. தன்னை நோக்கி நீண்ட குழலைத் தட்டி விலக்குதலும், உடலை ஒதுக்குதலும் பன்முறை பழகினாலன்றிக் கைவாரா. மெய்த் துப்பாக்கியால் அதனைப் பழக முனைவது மடமை. காலியென்று நம்பிய துப்பாக்கி உயிர் குடித்ததுண்டு.

ஆயினும், கருவியில் இல்லாத அபாயம் காண்போர் மனத்தில் உண்டு. 2014 நவம்பர் 22 அன்று அமெரிக்காவின் கிளீவ்லந்து நகரப் பூங்காவில், விளையாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுச் சிறுவனைக் காவலர் சுட்டார். மறுநாள் அச்சிறுவன் மாண்டான். பொம்மையென்று அறிவிக்கும் செம்மஞ்சள் முனை அத்துப்பாக்கியில் இல்லை. மலேசியாவின் 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் போலித் துப்பாக்கியைக் காட்டி உயிரச்சம் விளைப்பதைக் குற்றமெனக் கொண்டது. கருவி பொய்யாயினும் அச்சம் மெய்யன்றோ!

மற்றோர் அபாயம் பயில்வோன் உள்ளத்திலேயே பிறப்பது. கூடத்தில் எதிர் நிற்பவன் நண்பன். தட்டியதும் விட்டுக் கொடுப்பான். அவ்வெற்றியை மெய்யென நம்பியவன், பணப்பையைக் கொடுத்து உயிர் பிழைக்க வேண்டிய வேளையிற் கள்வன் துப்பாக்கியைப் பறிக்கத் துணிவான். பொய்க் கருவி தந்த பொய்த் துணிவு அவனைக் கொல்லும்.

ஆதலின் பொய்த் துப்பாக்கியைத் தள்ள வேண்டுவதில்லை. அதனை விளையாட்டாய்க் கருதும் மனத்தையே தள்ள வேண்டும். பயிற்சிக் கூடத்துள் மெய்த் துப்பாக்கியும் குண்டும் புகலாகாது. ரப்பர்த் துப்பாக்கியாயினும் பயிற்சிக்கன்றி எவர்மீதும் குறிவைக்கலாகாது. விரல் வீணே விசையிற் படியலாகாது. கூடத்துக் கருவி தெருவுக்குச் செல்லலாகாது. கை ஒருமுறை பழகிய பழக்கம், பொம்மையா மெய்யா என்று பின்னர் ஆராய்வதில்லை.

ஆசிரியன்மாரே! பறிக்கும் வித்தையைக் கற்பிக்கு முன், எப்போது பறிக்கலாகாது என்பதைக் கற்பியுங்கள். ஓடித் தப்புவது கோழைமையன்று என்று துணிந்து கூறுங்கள். அதனைக் கூற நாணும் ஆசிரியனிடம் ரப்பர்த் துப்பாக்கியும் அபாயமே.