யாத்திரை தடைப்பட்டால்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பாண்டிய நாட்டுத் திவ்ய தேசங்கள் 18. அவற்றுள் இரண்டு இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ளன. பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்று. சிவகாசியை ஒட்டிய குன்றின்மேல் நின்ற நாராயணன் எழுந்தருளியிருக்கும் திருத்தங்கல் மற்றொன்று. திருவாராதனப் பெருமாளையும் தளிகைக்கு வேண்டியவற்றையும் ஒரு வேனில் ஏளப்பண்ணிக்கொண்டு, தனியாகவே இத்தலங்களுக்கு யாத்திரை செல்லும் அடியார்கள் இக்காலத்தில் உண்டு. ஆஹார நியமத்துக்கும் நித்ய ஆராதனத்துக்கும் அது இசைவாக இருக்கிறது.

அப்படி ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் சேவித்துவிட்டுத் திருத்தங்கலை நோக்கிப் புறப்படும் வேளையில், ஊரில் சிற்றப்பா மயங்கி விழுந்து மருத்துவமனையில் இருக்கிறார், உடனிருக்க வேறொருவரும் இல்லை என்று செய்தி வருவதாகக் கொள்வோம். அவர் மேலே செல்வதா, திரும்புவதா?

திரும்புவதே முறை என்று உலகம் உடனே சொல்லிவிடும். நாம் சற்று நின்று ஆராய வேண்டியிருக்கிறது. தேஹ பந்துக்களிடம் வைக்கும் பற்று ஆத்மாவைக் கட்டும் என்பது நம் பூர்வாசார்யர்களின் உபதேசம். விபீஷணாழ்வான் தமையனை விட்டான். ப்ரஹ்லாதாழ்வான் தகப்பனை விட்டான். பரதாழ்வான் தாயை வெறுத்தான். இவர்களைக் கொண்டாடும் நாம், பெருமாளைச் சேவிக்கப் போகும் வழியில் ஒரு சிற்றப்பாவுக்காகத் திரும்பலாமோ என்ற கேள்வி நியாயமானதே.

ஆனால் அவர்கள் எதை விட்டார்கள் என்று பார்க்கவேண்டும். இராவணன், இரணியன், கைகேயி மூவரும் பகவத் விஷயத்துக்கு எதிராக நின்றவர்கள். விடப்பட்டது உறவு அன்று, அவ்வுறவு வழியாக வந்த விரோதம். அதே பரதாழ்வான், பெருமாளைத் தேடிச் சித்திரகூடம் செல்லுமுன், தயரதனுக்குச் செய்யவேண்டிய ஈமக் கடன்களை அயோத்தியிலிருந்து முறையாகச் செய்து முடித்தான். பெருமாளைக் காணும் ஆசை அவனுக்குக் குறைவாக இருந்தது என்று எவரும் சொல்லார். மருத்துவமனைக் கட்டிலில் நினைவிழந்து கிடப்பவர் யாருக்கு விரோதி?

அடுத்து, யாத்திரை தடைப்பட்டதால் இழந்தது என்ன? திவ்ய தேசங்கள் 108 என்று எண்ணுகிறோம். அவற்றுள் திருப்பாற்கடலும் பரமபதமும் இந்நிலவுலகில் இல்லை. மீதி 106-ஐயும் சேவித்து வந்தவருக்குங்கூட எண்ணிக்கை நிறைவதில்லை. அதை நிறைவிப்பது அவன் கையில் இருக்கிறது. மேலும், ப்ரபந்நனுக்கு உபாயம் எம்பெருமானே. திவ்ய தேச யாத்திரை அவனை அடைவதற்கு நாம் கொடுக்கும் விலை அன்று. அவனை அநுபவிக்கும் கைங்கர்யம். விலையாக இருந்தால் பாதியில் நின்றது நஷ்டம். கைங்கர்யமாக இருந்தால், வேறொரு கைங்கர்யம் அழைக்கும்போது அங்கே செல்வதில் நஷ்டம் எங்கிருந்து வரும்? எத்தனை தலம் ஆயிற்று, எத்தனை பாக்கி என்று கணக்கு வைக்கும் மனமே திரும்புவதற்குத் தயங்குகிறது. அந்தக் கணக்கும் மமகாரத்தின் ஒரு வடிவந்தான்.

பெருமாளே நமக்கு வழி காட்டியிருக்கிறார். பிராட்டியைத் தேடிச் செல்லும் வழியில் சிறகிழந்து கிடந்த பெரிய உடையாரைக் கண்டார். ஒவ்வொரு நாழிகையும் அருமையான அந்தத் தேடலை நிறுத்தினார். பிராட்டியைப் பிரிந்த துயரைக் காட்டிலும் இப்பறவையின் மரணம் பெரிதாக வருத்துகிறது என்று இளைய பெருமாளிடம் சொல்லி, விறகு கொணரச் செய்து, தம் கையால் ஸம்ஸ்கரித்து, கோதாவரியில் நீர்க்கடன் கழித்த பிறகே மேலே நடந்தார்.

பெரிய நம்பிகளும் இதையே ஆதாரமாகக் கொண்டார். ஆளவந்தாரின் நோயைத் தாமே ஏற்றுத் துன்புற்ற மாறனேரி நம்பிக்கு அவர் உணவளித்துத் தொண்டு செய்தார். அவர் திருநாடலங்கரித்தபோது, பிறப்பின் வேற்றுமை பாராது சரமகைங்கர்யங்களையும் செய்தார். ஊரார் பழித்தனர். எம்பெருமானார் வினவியபோது, பெருமாளைக் காட்டிலும் நாம் உயர்ந்தவரோ, பெரிய உடையாரைக் காட்டிலும் இவர் தாழ்ந்தவரோ என்னும் கருத்துப்பட விடையளித்தார்.

மாறனேரி நம்பி பாகவதோத்தமர். நம் சிற்றப்பா அப்படியில்லையே என்னலாம். திருத்தங்கலில் நிற்பவனுடைய திருநாமமே இதற்கு விடை. நாரங்கள் அனைத்துக்கும் அவன் இருப்பிடம், அவை அனைத்தும் அவனுக்கு இருப்பிடம் என்பதன்றோ நாராயண சப்தத்தின் பொருள்? சிற்றப்பா அதை அறியாதிருக்கலாம். அறியாமையால் அவர் அவனுடைய உடைமை அல்லாமற் போவதில்லை.

ஆகவே திரும்புவது என்ற ஒரே செயல் இரண்டு விதமாக இருக்கக்கூடும். என்னுடையவர் என்று திரும்பினால் அது பற்று. அவனுடையவர் என்று திரும்பினால் அது கைங்கர்யம். இவற்றுள் நம்முடையது எது என்று அறிய ஒரு சோதனை உண்டு: கிடப்பவர் நம் உறவினர் அல்லர் என்றால் நாம் நிற்போமா?

இச்சோதனைக்கு இந்த மாவட்டமே தக்க இடம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு ஆலைகள் நிறைந்த சாலைகள் வழியாகவே யாத்திரிகர்கள் செல்கிறார்கள். மருந்துக் கலவையில் சிறிது உராய்வு போதும், கொட்டகையே தீக்கிரையாகும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். பக்கத்து ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். இன்றும் 108 என்னும் எண்ணைத் தாங்கிய ஆம்புலன்ஸ் அவ்வழியே விரைகிறது. திவ்ய தேசக் கணக்கில் மனம் வைத்துச் செல்லும் நாம் அதற்கு வழி விடுவதோடு நின்றுவிடுகிறோமா, இரத்தம் தேவை என்றால் இறங்குகிறோமா? சிற்றப்பாவுக்கு மட்டுமே வண்டியைத் திருப்புவோம் என்றால், திருப்பியது மமகாரமே என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் இதற்கு மாறான ஒன்றைக் காட்டுகிறது. வடபத்ரசாயிக்குத் திருமாலை கட்டும் நந்தவனத்தில், துளசியின் அடியில் ஒரு பெண் குழவியைப் பெரியாழ்வார் கண்டார். இரத்த உறவு ஏதுமில்லை. எம்பெருமான் தந்தது என்று எடுத்து வளர்த்தார். அவ்வுறவினால் அன்றோ நமக்கு ஆண்டாள் கிடைத்தாள்?

எம்பெருமானே ரக்ஷகன், நாம் போய் ஆவதென்ன என்று மேலே செல்வதும் தகாது. அவன் ரக்ஷிப்பது பெரும்பாலும் அடியார்களின் கைகளைக் கொண்டே. மருத்துவர் தம் பணியைச் செய்யட்டும். நாம் அருகிருந்து நம் பணியைச் செய்வோம். பலன் அவன் திருவுள்ளம். உடனிருந்து கவனிப்பார் வேறு பலர் இருந்து, நம் வரவால் பயனொன்றும் இல்லையென்றால், மேலே சென்று அவர் பொருட்டு ப்ரார்த்திப்பதும் தகும்.

வெளிநாடுகளிலிருந்து சில வார விடுப்பில் வந்து யாத்திரை செய்யும் அடியார்களுக்கு ஒரு தலம் தவறினால் மீண்டும் வாய்ப்பது அரிது. அந்த ஏக்கம் இருக்கட்டும், அதுவும் ஓர் அநுபவம். திருத்தங்கலில் நின்ற நாராயணன் இன்னும் நின்றுகொண்டே இருக்கிறான். உதவிக்கு ஆளின்றிக் கிடப்பவருக்கு அவ்வளவு நேரம் இல்லை.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.