கூலியும் கொடையும்

கடந்த ஐப்பசியில், மழை விடாது பெய்த ஒரு நாளில், எங்கள் பங்கைச் சேர்ந்த பொறியாளர் ஒருவரை அடக்கம் செய்தோம். குவைத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையொன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் பணிபுரிந்து, ஓய்வு பெற்று வடசேரிக்குத் திரும்பியவர். ஞாயிறு தவறாமல் மனைவியோடு கோயிலுக்கு வருவார். பிள்ளைகள் மூவரையும் படிக்கவைத்துக் கரையேற்றியவர். இத்தகையோரின் அடக்கத் திருப்பலிக்குரிய மறையுரை எங்களைப் போன்ற குருக்களின் நாவில் ஆயத்தமாகவே இருக்கும். நானும் அதையே சொன்னேன். குடும்பத்துக்காகத் தம் இன்பங்களையெல்லாம் துறந்தவர். பாலைவன வெயிலில் மெழுகுவர்த்தியாய் உருகியவர். 1990இல் ஈராக்கியப் படையெடுப்பின்போது வெறுங்கையோடு ஊர் வந்தும், பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணி மறு ஆண்டே அந்த அழிவின் நடுவே திரும்பிச் சென்றவர். கேட்டோர் கண்கலங்கினர். எனக்கும் நிறைவாகவே இருந்தது.

மூன்றாம் நாள் அவருடைய மூத்த மகள் பங்குமனைக்கு வந்தார். நன்றி கூறிவிட்டுப் புறப்பட்டவர் வாசலில் தயங்கி நின்றார். "ஃபாதர், நான் சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்பா திரும்பிப் போனது எங்களுக்காக மட்டும் இல்லை. அந்த ஆலையை மறுபடி ஓடவைக்க வேண்டும் என்று பரபரத்துக்கொண்டிருந்தார். கடலில் எண்ணெய் மிதக்கிறதே, அந்த ஜனங்கள் தண்ணீருக்கு என்ன செய்வார்கள் என்று வீட்டில் அதே பேச்சுதான். அவருக்கு அந்த வேலை அவ்வளவு பிடிக்கும். அதை நீங்கள் சொல்லவே இல்லையே."

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒருவர் விரும்பிச் செய்த வேலையை, அதுவும் மாதச் சம்பளம் பெற்றுச் செய்த வேலையை, அன்பின் செயல் என்று சொல்ல நாம் ஏன் கூசுகிறோம்? துன்பம் கலந்திருந்தால்தான் அது நன்றிக்கு உரியதாகுமா?

முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஜான் பென்னிகுயிக் நினைவுக்கு வந்தார். 1841இல் புனேயில் பிறந்த ஆங்கிலேயர் அவர். மேற்கே பாய்ந்து அரபிக்கடலில் கலந்த நீரை, மலையைக் குடைந்து கிழக்கே வைகைக்குத் திருப்பிய பெரும்பணி 1895இல் அவர் தலைமையில் நிறைவெய்தியது. தேனி மாவட்டத்து உழவர்கள் இன்றும் அவருக்குப் பொங்கலிடுகின்றனர். பலர் வீட்டில் அவர் படம் தெய்வப் படங்களோடு தொங்குகிறது. கூடவே ஒரு கதையும் வழங்குகிறது. வெள்ளம் வேலையை அடித்துச் சென்றபின் அரசு பணம் தர மறுத்துவிட, அவர் இங்கிலாந்து சென்று தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையைக் கட்டி முடித்தாராம். ஆவணங்களோ சென்னை மாகாண அரசின் பணத்தில் அது எழுந்ததாகவே காட்டுகின்றன.

உழவரோடு வழக்காட எனக்கு விருப்பமில்லை. நன்றியுள்ள நெஞ்சில் பிறந்த கதை அது. ஆனால் அக்கதை ஏன் தேவைப்பட்டது? தொடக்க வேலைகள் வெள்ளத்தில் போயின. காட்டு நோய்க்குத் தொழிலாளர் பலர் இரையாயினர். இவற்றுக்கிடையே கணக்குப் பிசகாமல் நின்று ஒரு மனிதர் தம் கடமையை முடித்தார் என்பது போதவில்லை; நகையும் விற்றிருக்க வேண்டும் நமக்கு! (மனைவியின் நகையை விற்றவரைப் புகழுமுன் அந்த மனைவியின் முகத்தையும் பார்க்க வேண்டும். அடகுக்கடை வாசலில் நிற்கும் பெண்களை அறிந்த பங்குக்குரு எவரும் இதில் என்னோடு உடன்படுவர்.)

நமக்கு இன்னும் அருகில் ஒரு கல்லறை உண்டு. கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை, திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில், 1897 முதல் 1906 வரை கட்டப்பட்டது. கட்டிய ஐரோப்பியப் பொறியாளர் மிஞ்சின் அணையின் அருகிலேயே துயில்கிறார். மூக்கன் துரை என்பது அவருக்கு இவ்வூரார் இட்ட பெயர். சம்பளத்துக்கு வந்தார், வேலையைச் செய்தார், இம்மண்ணிலேயே அடங்கினார். கன்னிப்பூவும் கும்பப்பூவுமாக நாஞ்சில் நாடு இருபோகம் கண்டதில் அவர் கைக்கும் பங்குண்டு. நகை விற்ற கதை இல்லாததாலோ என்னவோ, அவர் பெயரையே அறியாமல் நம்மில் பெரும்பாலோர் அந்நீரில் விளைந்த சோற்றை உண்டு வளர்ந்தோம்.

குவைத்தில் ஆறு என்பதே கிடையாது. 1950களிலிருந்து அந்நாடு கடலைக் காய்ச்சியே தாகம் தணித்து வருகிறது. வடசேரியில் பிறந்த ஒருவர் கண்விழித்துக் காத்த நீரை, அவர் பெயரறியாத எத்தனையோ பேர் அங்கே குடித்திருப்பார்கள். நமக்கு மிஞ்சின் எப்படியோ, அவர்களுக்கு நம்மவர் அப்படி.

குருமடத்தில் படித்தது ஒன்று இங்கே துணைக்கு வருகிறது. புனித தோமா அக்குவினாஸ் நன்றியறிதலைப் பற்றி எழுதும்போது உரோமைய அறிஞர் செனெக்காவை அடிக்கடி அழைத்துக்கொள்வார். மருத்துவருக்கும் ஆசிரியருக்கும் பணம் கொடுத்துவிட்டோமே, பின்னும் கடன் உண்டா என்று செனெக்கா ஆராய்கிறார். உண்டு என்பதே அவர் முடிவு. அவர்களின் உழைப்புக்கு விலை கொடுத்தோம்; நம்மீது அவர்கள் கொண்ட அக்கறைக்கு விலை கொடுக்கவில்லை. இதை விளங்கிக்கொள்ள உரோமாபுரிவரை போக வேண்டியதுமில்லை. வடசேரியில் கோயில் நகை செய்யும் கைவினைஞர் சிவப்புக் கல்லொன்றை அதன் குழியில் அமர்த்தும் நேரத்தில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மூச்சை அடக்கிக்கொள்கிறார். பேசிய கூலியில் அந்த மூச்சடக்கம் சேராது. அது கொடை. அந்நேரத்தில் அவர் துன்புறவுமில்லை; அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஆயினும் இதை இவ்வளவு எளிதாக முடித்துவிட எனக்கு மனமில்லை. வேலையை நேசிப்பவர், அந்நேசத்தின் விலையை வேறொருவர் கொடுக்கும்படி விட்டுவிடக்கூடும். ஆண்டுக்கு நாற்பது நாள் விடுப்பு; மீதி நாள்களெல்லாம் இங்கிருந்தவர் மனைவி. காய்ச்சலில் கிடந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியதும், மாமியாரின் படுக்கைப் புண்ணுக்கு மருந்திட்டதும், 1990இல் வாரக்கணக்கில் செய்தியின்றி வானொலியருகே செபமாலையோடு அமர்ந்திருந்ததும் அந்த அம்மையார்தாம். ஊரிலிருந்தே பிழைத்திருக்கலாமே என்று உறவினர் கேட்டதும் அவரிடந்தான். நான் அடக்க நாளில் தியாகம் என்ற சொல்லைப் பத்து முறையாவது சொல்லியிருப்பேன். ஒருமுறைகூட அவர் பக்கம் திரும்பிச் சொல்லவில்லை. இறந்தவருக்கு வாய்த்த மகிழ்ச்சியைத் துன்பமாக மாற்றினேன். அம்மையாருக்கு நேர்ந்த துன்பத்தைச் சொல்லாமலே விட்டேன். அவர் குடும்பத்தை நேசித்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த நேசத்துக்குச் சாட்சியாக நான் கொண்டுவந்து நிறுத்தியதுதான் தவறு.

முப்பதாம் நாள் திருப்பலியில் மறையுரையை மாற்றிக்கொண்டேன். மகளிடம் கேட்டறிந்தவற்றைக் கொண்டு, உப்புநீர் எப்படிச் சூடேறுகிறது, அறை அறையாக அழுத்தம் குறையக் குறைய எப்படி ஆவியாகிறது, அந்த ஆவி குளிர்ந்து எப்படி நன்னீராய் இறங்குகிறது என்று எனக்குத் தெரிந்த மட்டில் சொன்னேன். இதைச் செய்வதில் அவருக்கு ஓர் ஆனந்தம் இருந்தது என்றேன். அவர் இல்லாத ஆண்டுகளில் இவ்வீடு யார் தோளில் நின்றது என்பதையும் சொன்னேன். பின்வரிசையில் சிலர் கடிகாரத்தைப் பார்த்தனர்.

திருப்பலி முடிந்து அம்மையார் பீடத்தருகே வந்தார். "இதைத்தான் சாமி, கடிதத்திலெல்லாம் எழுதுவார். பக்கம் பக்கமாக. படம் வேறு போட்டிருப்பார். எனக்கு ஒன்றும் விளங்காது. ஆனாலும் கடைசிவரி வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் படுப்பேன்" என்றார்.