பார்த்துவிட்டு வருவது மட்டும் போதுமா?

ஆண்டு விடுமுறை வந்தாலும், பெருநாளை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தாலும், வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர், வேலூர் வட்டாரத்தில் வாழும் நம் குடும்பத்தார் வேன் ஒன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போய் வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. சுபுஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டால் இஷாவுக்குள் வீடு திரும்பிவிடலாம். சென்னையிலிருந்துகூட விடியலில் கிளம்பி நள்ளிரவில் திரும்புகிறவர்கள் உண்டு. ஆண்டு முழுவதும் வெயிலிலும் புழுதியிலும் உழன்றவர்களுக்கு ஒரு நாள் மலைக்காற்று பெரிய நிஃமத்துதான்.

"இதெல்லாம் வீண் விரயம், மார்க்கத்தில் கூடாது" என்று பெரியவர்களில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். "சினிமாவுக்கா போகிறோம்? மலையைப் பார்க்கத்தானே போகிறோம்? இதில் என்ன குற்றம்?" என்று இளைஞர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். இரு தரப்பாரும் விஷயத்தை மிக எளிதாக முடித்துவிடுகிறார்கள் என்பது நம் எண்ணம்.

கூடாது என்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தைப் பார்க்கும்படி திருக்குர்ஆன் ஏவுகிறது (29:20). ஒட்டகம், வானம், மலை, பூமி ஆகிய நான்கின் பக்கமும் மனிதனின் பார்வையைத் திருப்புகிறது (88:17-20). நம் நாயகம் (ஸல்) அவர்களும் மதீனா நகரை விட்டு வெளியே, பாலைவெளியில் மழைநீர் ஓடும் ஓடைகளின் பக்கம் போய் வருவார்கள் என்று அன்னை ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது. நகரத்திலிருந்து பாலைக்கு உலா! இதைவிடத் தெளிவான ஆதாரம் வேறு என்ன வேண்டும்?

ஆனால் அந்த ஹதீஸ் அங்கேயே முடிந்துவிடவில்லை. அப்படி ஒரு முறை புறப்பட நாடியபோது, அதுவரை சவாரிக்குப் பழகாத ஒட்டகம் ஒன்றை நாயகம் (ஸல்) அவர்கள் அன்னையாருக்கு அனுப்பிவைத்தார்கள். அதனிடம் மென்மையாக நடந்துகொள்ளும்படி சொன்னார்கள். மென்மை எதில் சேர்ந்தாலும் அதை அழகாக்கும், எதிலிருந்து நீங்கினாலும் அதைக் குறைப்படுத்தும் என்ற கருத்தை அப்போதுதான் அருளினார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு வியப்பாக இருக்கிறது. ஓடையின் அழகைப் பற்றியோ பாலையின் விரிவைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. சுமந்து செல்லும் வாயில்லா உயிரைப் பற்றியே பேச்சு. இன்பமாகப் போய்வரும் நாளில்தான் மனிதன் தன்னைச் சுமப்பவர்களை மறக்கிறான் போலும்.

இனி இளைஞர்களிடம் வருவோம். நம் நாட்டு அரபி மத்ரஸாக்களில் ஓதப்படும் ஷாபியீ சட்ட நூல்களில் பத்ஹுல் முஈனும் ஒன்று. 16-ஆம் நூற்றாண்டில் மலபார்க் கரையில் பொன்னானியில் வாழ்ந்த ஜைனுத்தீன் மக்தூம் அவர்கள் எழுதியது. பயணத்தில் தொழுகையைச் சுருக்கும் சலுகை, அதாவது கஸ்ர், யாருக்கு இல்லை என்று சொல்லிவரும் இடத்தில் அந்நூல் இருவரை அடுத்தடுத்து நிறுத்துகிறது. ஊர்களை வெறுமே பார்ப்பதற்காக மட்டும் பயணம் போகிறவர் ஒருவர். தவணை வந்துவிட்ட கடனை அடைக்க வசதியிருந்தும், கடன் கொடுத்தவரின் அனுமதி பெறாமல் கிளம்பிவிட்டவர் மற்றவர்.

ஹனபி மத்ஹபில் இந்த நிபந்தனை இல்லை. தூரம் எட்டிவிட்டால், நோக்கம் எதுவானாலும், கஸ்ர் செய்தே ஆகவேண்டும். ஷாபியீ ஆலிம்களிலும், உடலும் மனமும் இளைப்பாறுவதற்காகப் போவது முறையான நோக்கமே என்று கொண்டவர்கள் உண்டு. ஆகவே யாருடைய தொழுகையையும் செல்லாது என்று சொல்ல நாம் வரவில்லை; அவரவர் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது அது. நம்மைச் சிந்திக்க வைப்பது அந்தப் பாகுபாடுதான். இளைப்பாறப் போவது வேறு. வெறுமே பார்க்கப் போவது வேறு. முன்னதற்கு ஒரு தேவை இருக்கிறது. பின்னதில் இருப்பது கண்ணின் பசி மட்டுமே. அந்தப் பசி ஒரு மலையோடு அடங்குவதுமில்லை.

வெறுமே பார்ப்பது எப்படியிருக்கும் என்பதை ஜவ்வாது மலையில் ஒரு ஞாயிறன்று கண்கூடாகக் காணலாம். ஜமுனாமரத்தூர் ஏரியில் படகு, பீமன் அருவியில் ஒரு குளியல், மரத்தடியில் பிரியாணி, கைப்பேசியில் நூறு படங்கள், மாலையில் பலாப்பழம் ஒன்றைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு இறக்கம். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் கைப்பேசியை நீட்டுகிறார்கள். அடுத்த விடுமுறைக்கு வேறு மலை.

அந்தப் பலாப்பழத்தை விற்றவர் யார்? மலையாளி என்று அவர்களுக்குப் பெயர். கேரளத்தார் என்று எண்ணிவிட வேண்டாம்; மலையில் வாழ்வதால் வந்த பெயர், பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள் என்று தம் வரலாற்றைச் சொல்லிக்கொள்ளும் பழங்குடி மக்கள். சாமையும் தேனும் புளியும் பலாவும் அவர்கள் பிழைப்பு. அது போதாதபோது கூலி வேலை தேடி மலையிறங்குகிறார்கள். 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரக் காவல்துறையினர் 20 தமிழகத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்களே, நினைவிருக்கிறதா? மாண்டவர்களில் இந்த ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். பழத்துக்குப் பத்து ரூபாய் குறைத்துவிட்ட மகிழ்ச்சியில் திரும்பும் நாம், அந்தக் கூடைக்குப் பின்னால் நின்ற வீட்டைப் பார்க்கவில்லை. வேன் ஓட்டுநர் பசியோடு காத்திருந்ததையும், வீட்டுப் பெண்கள் முதல்நாள் இரவு இரண்டு மணிவரை வெங்காயம் உரித்துவிட்டு வண்டியில் தூங்கி வழிந்ததையும் பார்த்தோமா? அன்னையாரை அழைத்துச் சென்ற ஸுன்னத்தைக் காட்டிப் பெண்களைக் கூட்டிப் போகிறவர்கள், அவர்களுக்கு அது ஓய்வு நாளா, இடம் மாறிய அடுப்படியா என்று கேட்டுப் பார்க்கட்டும்.

அருவியண்டை நடப்பதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மக்கள் நடக்கும் வழியிலும் அவர்கள் ஒதுங்கும் நிழலிலும் மலஜலம் கழிப்பதைச் சாபத்துக்குரிய செயல் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் தட்டு அந்தக் காலத்தில் இல்லை. ஆனால் வழியில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று ஓதிய நாம், இடையூறை வழியில் போட்டுவிட்டு வருவதற்கு என்ன பெயர் வைப்பது?

பார்க்கத்தான் வேண்டும் என்றால் அந்த மலையில் பார்க்க நிறைய இருக்கிறது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஏறினால், கடல்மட்டத்துக்கு 725 மீட்டர் உயரத்தில் காவலூர். 1968-இல் 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு தொலைநோக்கியோடு அங்கே வான ஆய்வு தொடங்கியது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அக்கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்பதைக் காட்டிய பதிவுகளில் காவலூரின் பதிவும் ஒன்று. பின்னர் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் வந்தது. 1986 முதல் அறிஞர் வைணு பாப்புவின் பெயரை அந்த ஆய்வகம் தாங்கி நிற்கிறது. மலையில் இருள் கெடாமல் இருந்ததுதான் இடத்தைத் தேர்ந்ததற்கு முக்கியக் காரணம். அங்கே பார்க்கப்படும் நட்சத்திரங்களில் எத்தனையோ இன்றும் அரபிப் பெயரோடுதான் உலகெங்கும் வழங்குகின்றன: பின்தொடர்வது என்ற பொருளில் அல்தெபரான், பறக்கும் கழுகு என்ற பொருளில் அல்தாயிர், கால் என்ற பொருளில் ரிகல். கி.பி. 964 அளவில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி நட்சத்திரங்களைப் பற்றி எழுதிய நூலை அறிஞர் உலகம் இன்னும் போற்றுகிறது. தொழுகை நேரத்துக்கும் கிப்லாவுக்கும் வானத்தைப் பார்த்த சமுதாயம் அது. அந்த மலை வரை போய், நட்சத்திரம் தோன்றுமுன் பாட்டுச் சத்தத்தோடு இறங்கிவிடுகிற சமுதாயமும் நாம்தான்!

தொழுகை என்றதும் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். வாணியம்பாடியிலிருந்து காவலூருக்குப் போகிறவர் முஸாபிர் அல்லர். நம் நாட்டு ஹனபி ஆலிம்கள் கணக்கிட்ட 48 மைல், அதாவது ஏறத்தாழ 77 கிலோமீட்டர் தூரத்துக்கு அது எட்டாது. ஷாபியீக்களின் கணக்கு இதற்கும் சற்றுக் கூடுதல். எனவே ளுஹரும் அஸரும் நான்கு ரக்அத்துகள்தாம். சென்னையிலிருந்து அங்கே வரும் ஹனபிக்கு அதே பாயில் இரண்டு ரக்அத்து. அவர் இமாமாக நின்றால் ஸலாம் கொடுத்ததும் உள்ளூரார் எழுந்து மீதியை முடிக்க வேண்டும். உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் அவரும் நான்கு தொழ வேண்டும். இரண்டு வக்துகளைச் சேர்த்துத் தொழும் ஜம்உ, நெடும்பயணம் போகும் ஷாபியீக்கு உண்டு. ஹனபிக்கு ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் அல்லாமல் இல்லை. கிப்லா அங்கே நேர் மேற்கு அன்று. மேற்கிலிருந்து 19 பாகை அளவுக்கு வடக்கே திரும்ப வேண்டும். ஓடை ஓடிக்கொண்டிருக்க மணலில் தயம்மும் செய்ய வழியில்லை.

மஃரிபில் ஏமாந்துவிடக் கூடாது. மலையடிவாரத்தில் நிற்கும்போது மேற்கு முகட்டுக்குப் பின்னால் சூரியன் ஒளிந்துகொள்வது அஸ்தமனம் ஆகாது. முகட்டுக்கு அப்பால் அது இன்னும் காய்ந்துகொண்டிருக்கும். அடிவானத்தை மலை மறைத்தால், கிழக்கே இருள் எழும்புவதைப் பார்க்க வேண்டும். உபரி நோன்பு வைத்துக்கொண்டு மலைக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்கட்டும். ஆனால் இந்தப் பயணங்களில் பெரும்பாலும் பறிபோவது அஸர்தான். இறக்கத்து வளைவுகளில் வண்டியை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை. பெண்கள் ஒளூச் செய்ய மறைவிடம் இல்லை என்பது இன்னொரு காரணம். புறப்படுமுன் இதை விசாரித்துவைத்திருக்க வேண்டியவர்கள் ஆண்கள்.

பத்ஹுல் முஈன் சொன்ன இரண்டாமவரை மறந்துவிடவில்லை. பணம் கையிலிருந்தும் கடனை வைத்துவிட்டு உலாப் போகிறவரை நாம் எல்லா ஊரிலும் பார்க்கிறோம். மளிகைக் கடைக்காரருக்கு மூன்று மாதப் பாக்கி, வேனுக்கு முன்பணம் ரொக்கம்! கைமாற்றாக வாங்கியதைத் திருப்பிக் கேட்டு வாசலுக்கு வந்த விதவைக்கு அடுத்த வாரம், அருவிக் குளியலுக்கு இந்த வாரம். இவருடைய பயணத்தைப் பாவப் பயணங்களின் வரிசையில் அந்நூல் வைத்திருப்பதில் நமக்கு வியப்பில்லை.

இந்த வட்டாரத்தார் மீது இன்னொரு பாக்கியும் நிற்கிறது. ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு பாலாற்றில் போய்ச் சேர்கிறது. மலைமீது தெளிந்த நீரைக் கண்டு "சுப்ஹானல்லாஹ்" என்கிறோமே, அடிவாரத்துக்கு அப்பால் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பாலாற்றங்கரைக் கிணறுகள் என்ன ஆயின? தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் நிலத்தடி நீர் கெட்டது பற்றிய வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து, கெடுத்தவனே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டின் சட்டம் என்று கூறியது. அதன் பிறகும் விவகாரம் ஓயாமல், 2025 ஜனவரியில் மீண்டும் ஒரு தீர்ப்பு வர வேண்டியதாயிற்று. அந்தத் தொழிலில் எத்தனையோ முஸ்லிம் வீடுகளின் சோறு இருக்கிறது. மத்ரஸாக்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் போன ஜகாத்தும் ஸதகாவும் இருக்கிறது. இதை நாம் அறியாதவர்களல்லர். கூலிக்கு உழைத்தவரைக் குற்றவாளியாக்கவும் மாட்டோம். ஆயினும் கீழே பிறருடைய தண்ணீரைக் கெடவிட்டுவிட்டு, நல்ல தண்ணீரைத் தேடி மேலே ஏறுவதற்குச் சட்ட நூலில் இடம் தேடினால், கடனாளியின் வரிக்குப் பக்கத்தில்தான் அதை எழுத வேண்டியிருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

அந்த வரியில் ஒரு சொல் மிகவும் கருணையானது: அனுமதி. மளிகைக் கடைக்காரரிடம் முதல்நாள் போய், "குடும்பத்தோடு மலைக்குப் போகிறோம், பாய், பாக்கியைத் தேதி ஐந்துக்குள் கொடுத்துவிடுகிறோம்" என்று சொன்னால், "தாராளமாகப் போய் வாருங்கள்" என்றுதான் பெரும்பாலும் சொல்வார். தடை நீங்கிவிட்டது. பாலாற்றங்கரையில் கிணறு உப்பாகிப்போன விவசாயியிடம் அந்த அனுமதியை யார் போய்க் கேட்பது?