சராசரியின் முகம்

சில வருஷங்கள் புரோட்டீன் படிகங்களை வளர்ப்பது என் வேலையாக இருந்தது. எக்ஸ்ரே ஆய்வுக்கான, கற்கண்டுத் துணுக்கு போன்ற படிகங்கள் வேறு. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்காக நான் வளர்த்தவை ஒரே ஒரு மூலக்கூறின் தடிமனே உள்ள தகடுகள். செல்லின் சவ்விலிருந்து டிடர்ஜென்ட் கொண்டு பிரித்த புரோட்டீனைக் கொழுப்புடன் கலந்து, டயாலிசிஸ் பையில் இட்டு, டிடர்ஜென்ட் மெல்ல வெளியேறும்படி நாட்கணக்கில் விட்டுவிட வேண்டும். அது விலக விலகப் புரோட்டீன் கொழுப்புக்குள் போய் அமரும். பெரும்பாலும் குப்பையாகத் திரளும். எப்போதாவது வரிசையாக அமையும்.

வரிசை எதற்கு? எலெக்ட்ரான் கற்றை தான் பார்ப்பதைச் சிதைத்துவிடுகிறது. ஒரு மூலக்கூறு தெளிவாகத் தெரியும்வரை பார்த்தால், தெரியும்போது அது அங்கே இருக்காது. சிதையாத அளவுக்குக் குறைவாகப் பார்த்தாலோ, இரைச்சல் தவிர எதுவும் தெரியாது. ஆகவே ஒரே மாதிரியான ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளிடம் ஆளுக்குக் கொஞ்சம் கேட்டுக் கூட்டிக்கொள்கிறோம். 1975இல் கேம்பிரிட்ஜில் ஹெண்டர்சனும் அன்வினும் செய்தது இதைத்தான். உப்பு மிகுந்த நீரில் வாழும் ஒரு நுண்ணுயிரின் ஊதாச் சவ்வில் இயற்கையே இப்படியொரு படிகத்தை அமைத்திருக்கிறது. அதை வெற்றிடத்தில் கெடாதபடி குளுக்கோஸில் வைத்து, மிகக் குறைந்த கற்றையில் படமெடுத்து, 7 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் கண்டார்கள்: சவ்வுக்குக் குறுக்கே 7 கம்பிகள். அணுக்களின் இடம் தெரிய 1990 ஆயிற்று.

அவர்கள் கண்டது யாரை? அந்த 7 கம்பிகள் உண்மை. ஆனால் படத்திலிருக்கும் முகம் அந்த ஆயிரங்களில் எந்த ஒன்றினுடையதும் இல்லை. ‘மக்கள்’ என்றும் ‘வாசகன்’ என்றும் நாம் எழுதுகிறபோதும் இப்படி ஒரு முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

என்னை உறுத்துவது இன்னொரு விஷயம். புள்ளிகள் கூர்மையாக விழுந்த படங்களை வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு எதிரே நோட்டில் ‘மோசம்’ என்று எழுதி ஒதுக்கினேன். சவ்வில் கதவாக இருக்கும் ஒரு புரோட்டீன் திறந்து மூடுவதால்தான் தன் காரியத்தைச் செய்கிறது. வரிசை அதை அசையவிடாமல் பிடிக்கிறது. நான் மோசம் என்றவற்றில் சில, அசைந்துகொண்டிருந்தவையாக இருக்கலாம். நான் அதைக் கேட்கவே இல்லை.

பிறகு படிகமே தேவையில்லை என்றாயிற்று. உறைந்த நீரில் தனித்தனியே சிதறிக் கிடக்கும் மூலக்கூறுகளின் பிம்பங்களைக் கம்ப்யூட்டர் வரிசைப்படுத்திக் கூட்டுகிறது. இதற்கு வழி செய்த துபோஷே, ஃபிராங்க், ஹெண்டர்சன் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. வரிசையின் கட்டாயத்திலிருந்து மூலக்கூறு விடுபட்டது என்று நான் சந்தோஷப்பட்டதுண்டு. ஆனால் ஹெண்டர்சனே 2013இல் எச்சரித்திருந்தார்: வெறும் இரைச்சலை ஐன்ஸ்டீனின் படத்தோடு ஒப்பிட்டு அடுக்கிச் சராசரி எடுத்தால், இரைச்சலிலிருந்து ஐன்ஸ்டீன் எழுந்து வருவார். வரிசை பொருளிடமிருந்து பார்ப்பவனிடம் வந்துவிட்டால் இந்த அபாயமும் கூடவே வருகிறது. என் படிகம் என் ஆசைக்கு இணங்கியதில்லை. வளராமல் போன மாதங்கள், எனக்கு வெளியே ஏதோ ஒன்று இருக்கிறது என்பதற்கான அத்தாட்சி.

சராசரியைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அது இல்லாமல் நாம் குருடர்கள். ஒன்றையே உற்றுப் பார்த்தாலோ அதைக் கொல்கிறவர்கள். யாருடைய முகம் வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிக்காதிருப்பதும், எவற்றை விட்டோம் என்பதற்குக் கணக்கு வைப்பதும்தான் நம்மால் கூடியது. இதை ஆய்வுக்கூட ஒழுங்கு என்பார்கள். எனக்கு இது அறமாகவே படுகிறது.

அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. ‘மோசம்’ என்ற பக்கங்களே அதில் அதிகம். இன்று எழுதுவதானால் ‘வரிசையில் இல்லை’ என்று மட்டும் எழுதுவேன்.