உடலுக்குள் ஒரு காவல் படை, வாசலில் ஒரு தண்ணீர்த் தொட்டி



மழைக்காலம் வந்துவிட்டால் தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர் என்று எங்கே போனாலும் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்திருப்பதைப் பார்க்கிறோம். அப்போது நம்மில் சிலர், "எல்லாம் தக்தீர், வருவது வந்தே தீரும்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். தக்தீரை நம்புவது ஈமானில் ஒரு பகுதி. ஆனால் சும்மா இருப்பதற்குப் பெயர் தவக்குல் அல்ல. இந்த வாரம் இதைப் பற்றிச் சிந்திப்போம்.

உடலுக்குள் அல்லாஹ் நிறுத்திய படை

நமக்குள்ளேயே அத்தாட்சிகள் இருக்கின்றன, அவற்றை நாம் பார்க்க வேண்டாமா என்ற கருத்தில் அல்லாஹ் சூரா அத்தாரியாத்தில் கேட்கிறான். கொஞ்சம் பாருங்கள். நம் தோல் ஒரு கோட்டைச் சுவர். மூக்கின் சளி கிருமிகளைப் பிடித்து வைக்கும் பசை. சாப்பாட்டோடு உள்ளே போகும் கிருமிகளில் பெரும்பாலானவற்றை வயிற்றின் அமிலம் அழித்துவிடுகிறது.

இவற்றையும் தாண்டி ஒரு கிருமி உள்ளே வந்தால், எலும்பு மஜ்ஜையில் உருவாகும் வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. சில அணுக்கள் கிருமியை அப்படியே விழுங்குகின்றன. சில அணுக்கள் அதன் அடையாளத்தை எடுத்துக்கொண்டு நிணநீர் முடிச்சுகளுக்குச் செல்கின்றன. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் "நெறி கட்டியிருக்கிறது" என்கிறோமே, அது இந்த இடம்தான். அந்தக் கிருமிக்கென்றே எதிர்ப்பொருள் தயாரிக்கும் அணுக்கள் அங்கேதான் பெருகுகின்றன. காய்ச்சலும் இந்தப் போரின் ஒரு பகுதியே. பல கிருமிகளுக்கு அந்தச் சூடு ஒத்துக்கொள்வதில்லை.

போர் முடிந்த பிறகு சில அணுக்கள் அந்த எதிரியை நினைவில் வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் உடலில் தங்குகின்றன. தட்டம்மை ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருவது மிக அரிது என்பதற்கு இதுவே காரணம். பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்தறிந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தனி நூல் எழுதியவர் முஸ்லிம் மருத்துவரான அர்ராஸி என்பதையும் நினைவில் வையுங்கள்.

நினைவைக் கற்றுக்கொடுப்பதே தடுப்பூசி

நோயின் துன்பம் இல்லாமல் அந்த நினைவை மட்டும் உடலுக்குக் கொடுப்பதுதான் தடுப்பூசி. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் வதந்திகள் பரவின. பெற்றோர் பலர் பயந்தார்கள். கேட்டதையெல்லாம் விசாரிக்காமல் பரப்புவது பாவம் என்று மார்க்கம் எச்சரிக்கிறது. இதே தடுப்பு முறையால்தான் பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980-ல் உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமியால் ஒரு குழந்தையும் முடமாகவில்லை. குழந்தையின் உடல் நம்மிடம் உள்ள அமானிதம். அதன் பாதுகாப்பை வதந்தியின் கையில் கொடுக்கலாமா?

டெங்குவும் நம் தண்ணீர்த் தொட்டியும்

தமிழகத்தில் 2017-ல் மட்டும் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. 65 உயிர்கள் போயின. இதைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. நாம் சேர்த்து வைக்கும் நல்ல தண்ணீரில்தான் வளர்கிறது. பகலில் கடிக்கிறது.

நம் மாவட்டமோ மழை குறைந்த மாவட்டம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு காவிரி நீர் கிடைக்கிறது. ஆனாலும் எல்லா ஊரிலும் தினமும் குழாயில் வருவதில்லை. அதனால் டிரம்மிலும் சிமெண்ட் தொட்டியிலும் குடத்திலும் பிடித்து வைக்கிறோம். அது தவறில்லை. திறந்து வைப்பதுதான் ஆபத்து.

இரவில் பாத்திரங்களை மூடி வையுங்கள், தண்ணீர்ப் பையின் வாயைக் கட்டுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (முஸ்லிம்). ஆண்டில் ஓர் இரவு கொள்ளைநோய் இறங்குகிறது, மூடாத பாத்திரத்தில் அது விழாமல் போவதில்லை என்ற காரணத்தையும் சொன்னார்கள். கிருமியை யாரும் கண்ணால் பார்த்திராத காலத்தில் சொன்ன சொல் இது!

"எனக்குத்தான் ஒருமுறை டெங்கு வந்துவிட்டதே" என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகைக்கு உருவான எதிர்ப்பு மற்ற வகைகளிலிருந்து நீண்ட நாள் காக்காது. இரண்டாம் முறை வேறு வகை தாக்கும்போது நோய் கடுமையாகும் அபாயமே அதிகம்.

தக்தீரிலிருந்து தக்தீருக்கு

உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் புறப்பட்டு ஸர்ஃக் என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. தோழர்களிடம் ஆலோசனை கேட்டுவிட்டுத் திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் தக்தீரிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு தக்தீரிலிருந்து அவனுடைய இன்னொரு தக்தீரை நோக்கிப் போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசுமை, மறுபக்கம் வறட்சி என்றால், எந்தப் பக்கம் ஒட்டகத்தை மேய்த்தாலும் அது தக்தீர்தானே என்றும் விளக்கினார்கள். பிறகு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து, நோய் பரவிய ஊருக்குள் போகாதீர்கள், அந்த ஊரில் இருந்தால் தப்பி வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியைச் சொன்னார்கள். உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்து திரும்பினார்கள் (புகாரி).

ஆடு மேய்க்கும் நம் மக்களுக்கு இந்த உதாரணம் நன்றாகவே புரியும். காய்ந்த காட்டில் ஆட்டை விட்டுவிட்டு "தக்தீர்" என்று எவரும் சொல்வதில்லை. தொட்டி விஷயத்தில் மட்டும் ஏன் சொல்கிறோம்?

நாம் செய்ய வேண்டியவை

ஏடிஸ் முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை போதும். ஜும்ஆவுக்குக் குளிப்பதைப் போல, வியாழன் அன்று தொட்டியையும் டிரம்மையும் காலி செய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. வாசலில் கிடக்கும் ஆட்டுக்கல், டயர், கொட்டாங்குச்சி, ஃபிரிட்ஜின் பின்தட்டு எல்லாவற்றையும் பாருங்கள். பள்ளிவாசல் ஹவுளையும் விட்டுவிடாதீர்கள். கழுவ முடியாவிட்டால் சுகாதாரத் துறையிடம் கேட்டு கம்பூசியா மீன் விடலாம்.

காய்ச்சல் வந்தவரைப் பகலிலும் கொசு வலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடித்த கொசுதான் சில நாள் கழித்துப் பக்கத்து வீட்டாருக்கு நோயைக் கொண்டு போகும். அந்த அண்டை வீட்டார் முஸ்லிமோ, மாற்று மதச் சகோதரரோ, அவருக்குத் தீங்கு வராமல் பார்ப்பது நம் கடமை.

மருந்துக் கடையில் நீங்களாக புரூஃபன், ஆஸ்பிரின் வாங்கிப் போடாதீர்கள். டெங்குவில் அவை ரத்தக்கசிவைக் கூட்டும். நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்கள் அதற்காக மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போட வேண்டாம். காய்ச்சல் விடும் நேரமே டெங்குவில் ஆபத்தான நேரம். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி மயக்கம் இருந்தால் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

அன்பானவர்களே! ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்று சொன்ன நபியின் (ஸல்) உம்மத் நாம். உள்ளே நிற்கும் படையை அல்லாஹ் தந்துவிட்டான். வெளியே தொட்டியை மூடுவது நம் வேலை.

யா அல்லாஹ்! நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! எங்கள் குழந்தைகளையும் அண்டை வீட்டாரையும் கொள்ளைநோய்களிலிருந்து காப்பாயாக! ஆரோக்கியம் என்ற நிஃமத்துக்கு நன்றி செலுத்தும் அடியார்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.